ஏப்ரல் பாதியில் பனிப்புயலா? செவ்வாய்க்கிழமை மைனாட் பயணம்

கேள்வி: ஏப்ரல் 8, 2022, வெள்ளி மாலை

மினியாபொலிஸில் படிக்கிறேன். வரும் செவ்வாய் காலையில் காரில் கிளம்பி, ஃபார்கோ, ஜேம்ஸ்டவுன் வழியாக வடக்கு டகோட்டா மாநிலத்து மைனாட் போகத் திட்டம். வியாழக்கிழமை அங்கே நண்பர் வீட்டில் சித்திரை முதல் நாள். இன்று காலை என் செயலி மைனாட்டுக்கு 26 அங்குலம் பனி என்றது. மதியம் பார்த்தால் 9. இப்போது 31. ஏப்ரல் பாதி ஆகப்போகிறது, வெளியே புல் தெரிகிறது. சும்மா பயமுறுத்துகிறார்கள் என்றுதான் படுகிறது. வடக்கு டகோட்டாவில் இருப்பவர்கள் சொல்லுங்கள்: உண்மையில் எத்தனை அங்குலம் விழும்?

ஏப்ரல் 8, இரவு

தெரியாது. உங்கள் செயலிக்கும் தெரியாது. அது தெரிந்த மாதிரி நடிக்கிறது, நான் நடிக்கவில்லை, வேறுபாடு அவ்வளவுதான்.

நான் பிஸ்மார்க்கில் இருக்கிறேன். வேலை காரணமாக 83ஆம் எண் நெடுஞ்சாலையில் மைனாட் போய்வருவது வழக்கம். அதனால் இந்தக் கணிப்புகளைப் பொழுதுபோக்காகப் பார்ப்பதில்லை.

செவ்வாயன்று வரும் என்கிற புயலுக்கு இன்னும் உருவமே இல்லை. அதற்குக் காரணமாகப் போகிற மேல்காற்றுச் சலனம், அதாவது உயரத்துக் காற்றோட்டத்தில் ஒரு குலைவு, பசிபிக் கடலுக்கு மேலே கிடக்கிறது. கடலுக்கு மேல் வானிலைப் பலூன் விட ஆளில்லை. செயற்கைக்கோள்களும் விமானங்களும் தருவதை வைத்துத்தான் கணினி மாதிரிகள் ஓடுகின்றன. அமெரிக்க மாதிரி நாளுக்கு நான்கு முறை ஓடும். ஓட்டத்துக்கு ஓட்டம் காற்றழுத்தத் தாழ்வு மையம் ஐம்பது அறுபது மைல் இங்குமங்கும் நகரும். அந்த ஐம்பது மைல்தான் 9 அங்குலத்தையும் 31 அங்குலத்தையும் பிரிப்பது. பல செயலிகள் கடைசி ஓட்டத்தில் உங்கள் ஊர் இருக்கும் கட்டத்தில் என்ன எண் இருக்கிறதோ அதை எடுத்து அப்படியே திரையில் போட்டுவிடுகின்றன. நடுவில் மனிதக் கண் எதுவும் படுவதில்லை.

அதற்குப் பதிலாகக் கூட்டுக் கணிப்பைப் பாருங்கள். ஒரே மாதிரியைத் தொடக்க நிலையில் சிறு சிறு மாற்றங்களோடு பலமுறை ஓட்டுவார்கள். அமெரிக்கர்கள் 31, ஐரோப்பியர்கள் 51. எண்கள் சிதறிக் கிடந்தாலும் ஒன்று மட்டும் தெளிவு: இன்றைக்குப் பெரும்பாலானவை மாநிலத்தின் மேற்கிலும் நடுவிலும் ஏதோ ஒரு பெரிய பனியைக் காட்டுகின்றன. நான்கு நாள் முன்னால் இந்த அளவு ஒற்றுமை சாதாரணமல்ல.

பயணத்தை இப்போதே கைவிட வேண்டாம். ரத்து செய்ய முடியாத அறை எதையும் எடுத்துவிடவும் வேண்டாம்.

ஏப்ரல் 8, அரை மணி கழித்து

முக்கியமானதைச் சொல்லாமல் தூங்கப் போனால் தூக்கம் வராது. கேட்க வேண்டிய கேள்வி அங்குலம் அல்ல, காற்று.

இந்த நாட்டின் தேசிய வானிலைச் சேவை வைத்திருக்கும் பனிப்புயல் வரையறையைப் படித்துப் பாருங்கள்: மணிக்கு 35 மைல் அல்லது அதற்கு மேல் காற்று, விழுகிற அல்லது தரையிலிருந்து கிளம்புகிற பனியால் பார்வைத் தூரம் கால் மைலுக்குக் கீழ், இந்த நிலை குறைந்தது மூன்று மணி நேரம். இதில் எத்தனை அங்குலம் என்ற பேச்சே கிடையாது. வானம் நீலமாக இருக்கும்போதே, ஏற்கனவே கிடக்கும் பனியைக் காற்று கிளப்பினால்கூட அது பனிப்புயல்தான். ஜேம்ஸ்டவுனுக்கும் மைனாட்டுக்கும் நடுவே காற்றைத் தடுக்க என்ன இருக்கிறது? சில பண்ணைகளின் மரவரிசை. வேறொன்றும் இல்லை.

ஏப்ரல் 9, சனி காலை

இன்னொருவர் எழுதியிருக்கிறார்: "ஏப்ரலில் வருவது குளிர்காலப் புயலே இல்லை, வசந்தத்தின் கடைசித் தும்மல்." நல்ல வரி. உள்ளடக்கம் தப்பு.

இந்தச் சமவெளியின் பெரும்புயல்களில் பல மார்ச், ஏப்ரலில்தான் வந்திருக்கின்றன. காரணம் எளிது. வடக்கே கனடாவில் உறைந்த காற்று இன்னும் கிளம்பவில்லை. தெற்கே மெக்சிகோ வளைகுடாவில் ஈரக்காற்று அதற்குள் சூடேறி மேலே வரத் தொடங்கிவிடுகிறது. ஜனவரியில் நமக்கு வருவது பெரும்பாலும் ஆல்பர்ட்டாவிலிருந்து ஓடிவரும் வறண்ட, வேகமான, இரண்டு மூன்று அங்குலம் தூவிவிட்டுப் போகிற தாழ்வு. வசந்தத்தில் வருவது கொலராடோவில் ராக்கி மலையின் கிழக்குச் சரிவில் உருவாகி, வளைகுடா ஈரத்தை வாரிக்கொண்டு, மெதுவாக நகர்கிற தாழ்வு. அது அவசரப்படாது. இரண்டு நாள், மூன்று நாள் உட்காரும்.

பழைய கதைகளைக் கேளுங்கள். 1966 மார்ச் 2 முதல் 5 வரை. பிஸ்மார்க்கில் 22 அங்குலத்துக்கு மேல். தந்திக்கம்பத்தின் உச்சியைக் கையால் தொட்டுவிடலாம் போல ஒருவர் பனிமேட்டில் நிற்கும் கறுப்பு வெள்ளைப் படம் இணையத்தில் சுற்றுகிறதே, அது அந்தப் புயலுக்குப் பிறகு ஜேம்ஸ்டவுன் அருகே எடுத்தது. உங்கள் வழிதான்.

1941 மார்ச் 15, சனிக்கிழமை மாலை. காலை இதமாக இருந்ததால் ஊரே வெளியில். இருட்டும் வேளையில் சில நிமிடங்களில் புயல் இறங்கியது. வடக்கு டகோட்டாவிலும் மின்னசோட்டாவிலும் சேர்த்து சுமார் எழுபது பேர் இறந்தார்கள், அதில் பலர் சாலையில் கார்களோடு சிக்கியவர்கள். அப்போது இந்தப் பகுதிக்கான முன்னறிவிப்பு சிகாகோவிலிருந்து வந்துகொண்டிருந்தது.

1920 மார்ச் 15. சென்டர் என்ற ஊர், பிஸ்மார்க்கிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஹேசல் மைனர் என்ற பதினைந்து வயதுப் பெண் தம்பியோடும் தங்கையோடும் பள்ளியிலிருந்து பனிச்சறுக்கு வண்டியில் திரும்பும்போது வழி தவறியது. வண்டி கவிழ்ந்தது. குழந்தைகள் இருவரையும் படுக்கவைத்து, கம்பளியைப் போர்த்தி, மேலே தன் உடம்பால் மூடிக்கொண்டு, தூங்கிவிடாமல் இருக்க விடிய விடியப் பேசிக்கொண்டே இருந்திருக்கிறாள். மறுநாள் தேடி வந்தவர்கள் கண்டுபிடித்தபோது தம்பியும் தங்கையும் உயிரோடு இருந்தார்கள். அவள் இல்லை. சென்டர் நீதிமன்ற வளாகத்தில் அவளுக்கு நினைவுக்கல் இருக்கிறது. மைல் கணக்கில் பார்த்தால் அவர்கள் வீட்டுக்குப் பக்கத்தில்தான் இருந்தார்கள். கண் தெரியவில்லை, அதுதான் விஷயம்.

தும்மலாம்.

ஏப்ரல் 9, இரவு

கேள்வி கேட்ட தம்பி மறுபடி வந்திருக்கிறார்: "அண்ணா, வரலாறு சரி. ஆனால் ஓர் எண் இல்லாமல் நான் எப்படி முடிவெடுப்பது?"

ஓர் எண்ணை நம்பி ஓர் ஊரே முடிவெடுத்த கதை இருக்கிறது, நம் மாநிலத்திலேயே.

கிராண்ட் ஃபோர்க்ஸ், 1997. அந்தக் குளிர்காலத்தில் அங்கே எட்டுப் பனிப்புயல்கள். உள்ளூர் நாளிதழ் அகர வரிசையில் அவற்றுக்குப் பெயர் வைக்கும். எட்டாவதுக்கு ஹன்னா என்று பெயர். ஹன்னா வந்தது ஏப்ரல் முதல் வாரக் கடைசியில். முதலில் மழை, பிறகு உறைமழை, பிறகு பனி, கூடவே காற்று, மின்கம்பங்கள் சாய்ந்தன. ஏற்கனவே பருவம் முழுக்க எட்டடி அளவுக்குப் பனி விழுந்து ஊறிக்கிடந்த நிலம். அந்த ஊர் வழியாகப் போகும் ரெட் நதி வடக்கு நோக்கி ஓடுகிறது என்பதை மறக்காதீர்கள். தெற்கே உருகும் நீர் வடக்கே இன்னும் உறைந்திருக்கும் படுகைக்குள் போய் முட்டும்.

பிப்ரவரி கடைசியிலேயே நதி 49 அடி வரை உயரும் என்று கணிப்பு வந்துவிட்டது. 1979இல் 48.8 அடி வந்ததை ஊர் சமாளித்திருந்தது. 49தானே? மண்மூட்டைகளை 52 அடிக்கு அடுக்கினார்கள். மூன்றடி கூடுதல் காப்பு, போதாதா? நதி 54.35 அடிக்கு ஏறியது. ஐம்பதாயிரம் பேர் கொண்ட ஊரில் ஏறக்குறைய எல்லோரும் வெளியேறினார்கள். வெள்ளத்தின் நடுவில் நகர மையத்தில் தீப்பிடித்து 11 கட்டடங்கள் எரிந்தன.

49 என்பது முட்டாள்தனமான கணிப்பு அல்ல. இரண்டு மாதம் முன்னால் அவ்வளவு கிட்டத்தில் போனதே பெரிய விஷயம். கேடு எங்கே என்றால், "49, ஆனால் பல அடி கூடலாம் குறையலாம்" என்பதிலிருந்து "ஆனால்" உதிர்ந்துபோய் 49 மட்டும் ஊருக்குள் நடமாடியதில்.

ஆகவே எண் தருகிறேன், வரம்போடு: மைனாட்டுக்கு இன்றைய நிலவரப்படி எட்டு அங்குலத்திலிருந்து முப்பது அங்குலம் வரை. பிடிக்கவில்லையா? அதுதான் உண்மையான பதில்.

ஏப்ரல் 10, ஞாயிறு

அதிகாரப்பூர்வ முன்னெச்சரிக்கை வந்துவிட்டது. இது "வரக்கூடும், தயாராகுங்கள்" என்ற படி. "வருகிறது" என்ற எச்சரிக்கை அடுத்த படி.

தம்பி: "செயலி இப்போது 14 காட்டுகிறது. குறைந்துவிட்டதே?"

குறையவில்லை. செயலி இன்று காலை சிறிது வெப்பத்தைக் கூட்டிக் கணக்குப் போட்டிருக்கும். மாதிரி கணக்கிடுவது நீரைத்தான். அது எவ்வளவு பனியாகும் என்பது அடுத்த கட்ட ஊகம். ஒரு அங்குல நீருக்குப் பத்து அங்குலம் பனி என்று பெரும்பாலான வரைபடங்கள் கண்ணை மூடிக்கொண்டு பெருக்கிவிடும். கடுங்குளிரில் அது இருபதாகும், தூள்போல. ஏப்ரலில் ஏழு எட்டுக்கு இறங்கலாம், பிழிந்தால் நீர் சொட்டும். சில இலவச வரைபடங்கள் வழியில் விழும் பனிக்கட்டித் துகளையும் பனியாகவே எண்ணிவிடுகின்றன.

இன்னொரு வில்லன் இருக்கிறான். தாழ்வு மையத்தின் தெற்கிலிருந்து வறண்ட காற்று உள்ளே சுருண்டு புகும். அது எந்த ஊருக்கு மேலே வருகிறதோ அங்கே பனி திடீரென நின்றுபோகும். வானிலைக்காரரை எல்லோரும் திட்டுவார்கள். ஐம்பது மைல் தள்ளி வடமேற்கில் மணிக்கு இரண்டு அங்குலம் கொட்டிக்கொண்டிருக்கும். ஃபார்கோ பக்கம் இந்த ஆபத்து, அதாவது இந்த அதிர்ஷ்டம், அதிகம் என்று எனக்குப் படுகிறது.

செயலியை விடுங்கள். பிஸ்மார்க் வானிலை அலுவலகம் நாளுக்குச் சில முறை வெளியிடும் முன்னறிவிப்பு விளக்கத்தைப் படியுங்கள். அலங்காரமில்லாத வெறும் எழுத்து. எந்த மாதிரியை ஏன் நம்பவில்லை, எங்கே குழப்பம், எதில் உறுதி என்று பணியில் இருப்பவர் தன் சக ஊழியருக்குச் சொல்வதுபோல எழுதியிருப்பார். பாதி புரியாது. புரிகிற பாதியில் "நம்பிக்கை அதிகம்", "நம்பிக்கை குறைவு" என்ற சொற்கள் எந்த இடத்தில் வருகின்றன என்று மட்டும் பாருங்கள். எங்கள் பகுதிக்குக் காற்றைப் பற்றி நம்பிக்கை அதிகம். அளவைப் பற்றித்தான் சந்தேகம்.

ஏப்ரல் 11, திங்கள் காலை

ஒரெகனில் போர்ட்லாந்து நகரத்தில் இன்று பனி. அங்கே விமான நிலையப் பதிவுகள் 1940இலிருந்து இருக்கின்றன. ஏப்ரலில் அளவிடும்படி பனி விழுவது இதுவே முதல் தடவை. பூத்திருந்த மரங்கள் மேல் பனி விழுந்த படங்கள் வந்துகொண்டிருக்கின்றன. அழகுதான். அந்தச் சலனம்தான் நம்மிடம் வருகிறது.

அது கரையேறிவிட்டதால் இப்போது பலூன்களின் வலைக்குள் வந்துவிட்டது. பிஸ்மார்க் உட்பட நாடு முழுவதும் பல இடங்களில் நாளுக்கு இரண்டு முறை பலூன் ஏறும், நமக்கு விடியலில் ஒன்று, மாலையில் ஒன்று. இன்று மதியம் வரும் ஓட்டங்கள் நேற்றையதைவிட மதிப்பானவை. மாதிரிகள் நெருங்கி வருகின்றன.

பனிப்புயல் எச்சரிக்கை வந்துவிட்டது, செவ்வாய் முதல் வியாழன் வரை. ஓர் அடியிலிருந்து இரண்டு அடி, காற்று மணிக்கு 50 மைல் வரை.

தம்பி, போகாதீர்கள்.

ஏப்ரல் 11, மதியம்

"செவ்வாய் அதிகாலை மூன்று மணிக்குக் கிளம்பினால் புயலுக்கு முன்னால் போய்விட முடியாதா?"

இதைத்தான் எதிர்பார்த்தேன். இந்த யோசனை எல்லோருக்கும் வரும், எனக்கும் வந்திருக்கிறது. கணக்குப் போடுங்கள். மினியாபொலிஸிலிருந்து மைனாட் எட்டு மணி நேரம். நீங்கள் புயலின் ஓரத்திலிருந்து அதன் நடுவை நோக்கி ஓட்டுகிறீர்கள். கிளம்பும்போது சாலை காய்ந்திருக்கும். ஃபார்கோவில் தூறலாக இருக்கலாம். "பார்த்தாயா, ஒன்றுமில்லை" என்று தோன்றும். ஜேம்ஸ்டவுன் தாண்டி 52ஆம் எண் சாலையில் ஏறியபின் அரை மணியில் முன்னால் போகும் லாரியின் விளக்கு மறையும். அந்த இடத்தில் திரும்பவும் முடியாது, நிற்கவும் முடியாது; நின்றால் பின்னால் வருபவன் இடிப்பான். அடுத்த ஊர் இருபது மைல்.

மாநில சாலைத் துறையின் வரைபடத்தில் இரண்டு நிலைகளைக் கவனியுங்கள். "பயணம் பரிந்துரைக்கப்படவில்லை" என்றால் போகாதே என்று மரியாதையாகச் சொல்வது. "சாலை மூடப்பட்டது" என்றால் சட்டம். தடுப்பைத் தாண்டினால் 250 டாலர் வரை அபராதம். அபராதம் பெரிதல்ல. உங்களை இழுத்துவர இன்னொருவர் தன் உயிரைப் பணயம் வைத்து வரவேண்டும், அதுதான் பெரிது.

இரண்டு வழி. இப்போதே, இந்த நிமிடமே கிளம்பி இரவுக்குள் போய்ச்சேருங்கள். ஆனால் சனிக்கிழமைவரை அங்கே மாட்டிக்கொள்ளத் தயாராக இருங்கள். அல்லது வெள்ளிக்கிழமைக்கு மேல் சாலை நிலவரம் பார்த்துப் போங்கள். சித்திரையை ஒரு வாரம் கழித்துக் கொண்டாடினால் பஞ்சாங்கம் கோபித்துக்கொள்ளாது.

வேறு யாராவது இதைப் படித்துவிட்டும் கிளம்பினால்: கார் நின்றுபோனால் இறங்கி நடக்காதீர்கள். புகைக்குழாயைப் பனி மூடாமல் அடிக்கடி துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் நச்சுப்புகை உள்ளே வரும். என்ஜினை மணிக்குப் பத்து நிமிடம் மட்டும் ஓட்டுங்கள், ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். போர்வை, தண்ணீர், கைபேசிக்கு மின்னூட்டம், பளிச்சென்ற நிறத்தில் ஒரு துணி.

ஏப்ரல் 11, இரவு

கடையில் ரொட்டி இல்லை, பால் இல்லை, முட்டை இல்லை. துவரம்பருப்பும் புளியும் என் அலமாரியில் எப்போதும் இருக்கும் என்பதால் இந்த ஊரில் என்னைவிடத் தயாரான ஆள் கிடையாது.

அலுவலகத்தில் உடன் வேலை செய்பவர் ஒருவரின் குடும்பத்துக்கு மாட்டுப்பண்ணை. அவர் இன்று அங்குலத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "முதலில் மழையா, நேரடியாகப் பனியா?" என்பது மட்டும்தான் அவர் கேள்வி. இது கன்று ஈனும் காலம். தாய்மாடு பனியைத் தாங்கும். பிறந்து ஒரு மணி நேரமான, இன்னும் ஈரம் காயாத கன்று காற்றில் தாங்காது. வைக்கோல் பேல்களை அடுக்கிக் காற்றுத்தடுப்பு கட்டியிருக்கிறார்கள். ஈனப்போகிறவற்றைப் பிரித்துக் கொட்டகைக்குள் அடைத்திருக்கிறார்கள். கொட்டகை எல்லாவற்றுக்கும் போதாது.

2013 அக்டோபரில் தெற்கு டகோட்டாவின் மேற்கில் இதுதான் நடந்தது, பருவம் தலைகீழாக. மாடுகள் இன்னும் கோடை மேய்ச்சலில், குளிர்காலத்து அடர்ந்த ரோமம் வளராத நேரம். முதலில் மழை தோல்வரை நனைத்தது, பிறகு பனியும் காற்றும். பல்லாயிரம் மாடுகள் செத்தன. அதே அளவு பனி ஜனவரியில் காய்ந்த உடம்பின் மேல் விழுந்திருந்தால் அவ்வளவு சேதம் இருந்திருக்காது.

முதல் நாள் எழுதியதோடு இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: காற்றுக்கு அடுத்த கேள்வி, மழையாகத் தொடங்குமா என்பது. அங்குலம் மூன்றாவதாக வரட்டும்.

ஏப்ரல் 12, செவ்வாய்

தொடங்கிவிட்டது. எதிர் வீடு தெரிகிறது, அதற்கு அடுத்தது தெரியவில்லை. தம்பி மினியாபொலிஸில்தான் இருக்கிறார், நேற்று கிளம்பவில்லை. "இங்கே வெயில் அடிக்கிறது அண்ணா, கொஞ்சம் முட்டாளாக உணர்கிறேன்" என்று எழுதியிருக்கிறார். உணருங்கள், பரவாயில்லை.

ஏப்ரல் 13, புதன்

நேற்று இரவு மின்னசோட்டாவின் தென்கோடியில் டேயோப்பி என்ற சிற்றூரைச் சுழல்காற்று சிதைத்திருக்கிறது. டெக்சஸில் சலாடோ பக்கமும் பெரிய சுழல்காற்று. இரண்டும் இந்தப் புயலின் வெப்பமான பாதியில் நடந்தவை. நாங்கள் குளிர்ந்த பாதியில். தம்பி, உங்கள் வெயிலுக்குக் கீழே என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே 94ஆம் எண் நெடுஞ்சாலை மூடல், 83 மூடல், பள்ளிகள் மூடல். கதவைத் தள்ளினால் பாதிதான் திறக்கிறது. மின்சாரம் இருக்கிறது.

மதியம் ஷவலை எடுத்துக்கொண்டு வெளியே போய், வாசல்படியைச் சுத்தம் செய்துவிட்டு உள்ளே வந்து தேநீர் குடித்து முடிப்பதற்குள் படி மறுபடி காணாமல் போயிருந்தது. இது பயனற்ற வேலை என்று பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னல் வழியாகச் சைகை காட்டினார். அவர் இந்த ஊரிலேயே பிறந்தவர். அவர் சைகையை மதிக்கிறேன்.

ஏப்ரல் 14, வியாழன்

சுபகிருது ஆண்டு பிறந்திருக்கிறது. வேப்பம்பூ ஊரிலிருந்து வந்த பொட்டலத்தில் காய்ந்தது கொஞ்சம் இருந்தது. மாங்காய்க்கு உறைபெட்டித் துண்டுகள். பச்சடி சுமார்தான்.

மைனாட்டிலிருந்து மூன்று அடி என்று வருகிறது. பிஸ்மார்க்கில் சுமார் ஒன்றரை அடி. "மூன்று அடி எப்படி, எங்கள் தெருவில் ஆறடி" என்று ஒருவரும், "எங்கள் புல்வெளியில் நாலு அங்குலம்தான்" என்று இன்னொருவரும் மைனாட்டிலிருந்தே எழுதுகிறார்கள். இருவரும் பொய் சொல்லவில்லை. 50 மைல் காற்றில் பனி விழுவதில்லை, இடம் மாறுகிறது. வீட்டின் ஒருபக்கம் கூரைவரை, மறுபக்கம் வெறும் தரை. அளவெடுப்பவர்கள் காற்றுக்கு மறைவான இடத்தில் வெள்ளைப் பலகை வைத்து, பல இடங்களில் குத்திப் பார்த்துச் சராசரி எடுப்பார்கள். புயலுக்கு முன்னால் அங்குலத்துக்காக இத்தனை சண்டை போடுகிறோம்; புயல் முடிந்த பின்னாலும் அது நிச்சயமில்லாத எண்தான்.

ஏப்ரல் 16, சனி

ஃபார்கோ வாசகர் ஒருவர் கோபமாக இருக்கிறார்: "வாரம் முழுக்க வரலாறு காணாத புயல் என்றார்கள். எங்களுக்கு ஈரச்சாலைதான் மிச்சம். பொய்க் கணிப்பு."

பொய்யா? எண்ணிப் பாருங்கள். நான்கு நாளுக்கு முன்பே மேற்கு, நடுப்பகுதிக்குப் பெரும்புயல் என்றார்கள், வந்தது. காற்றைச் சொன்னார்கள், வந்தது. மூன்று நாள் நீடிக்கும் என்றார்கள், நீடித்தது. ஓர் அடியிலிருந்து இரண்டு அடி என்றதில் பிஸ்மார்க் உள்ளே விழுந்தது, மைனாட் வரம்பைத் தாண்டிப் போனது. கிழக்கே குறையும் என்றும் வரம்பு எங்கே விழும் என்று தெரியவில்லை என்றும் விளக்கத்தில் எழுதித்தான் இருந்தார்கள். 1941இல் மாலைவரை யாருக்கும் எதுவும் தெரியாது. இப்போது திங்கட்கிழமையே பள்ளிகளும் பண்ணைகளும் லாரிக் கம்பெனிகளும் முடிவெடுத்துவிட்டன.

உங்கள் கோபத்தில் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். "வரலாறு காணாத" என்ற சொல்லைத் தொலைக்காட்சிகள் மாநிலம் முழுவதற்கும் ஒரே வாளியால் ஊற்றின. பிஸ்மார்க் அலுவலகம் மேற்கையும் நடுப்பகுதியையும் பார்க்கிறது, கிழக்கைப் பார்ப்பது கிராண்ட் ஃபோர்க்ஸ் அலுவலகம். இரண்டும் ஒரே செய்தியைச் சொல்லவில்லை. உங்களுக்கு உரியதை நீங்கள் படிக்கவில்லை, தொலைக்காட்சிகள் உங்களுக்கு உரியதைக் காட்டவுமில்லை.

பண்ணைக்காரக் குடும்பத்தில் கன்றுகள் சில போய்விட்டன. எத்தனை என்று அவரிடம் கேட்கவில்லை. ஆனால் அவரே சொன்ன இன்னொன்று: போன ஆண்டு வறட்சியில் குளம் குட்டையெல்லாம் காய்ந்து, மேய்ச்சல் இல்லாமல் மாடுகளை விற்றவர்கள் இங்கே ஏராளம். இந்தப் பனி உருகினால் அது புல். "கன்றையும் எடுத்துக்கொண்டது, புல்லையும் கொடுத்தது" என்றார். திட்டவும் முடியவில்லை, வாழ்த்தவும் முடியவில்லை அவரால்.

ஏப்ரல் 20, புதன்

தம்பி நேற்று மைனாட் போய்ச் சேர்ந்துவிட்டார். சாலையின் இருபுறமும் பனிச்சுவர் நிற்கும் படம் அனுப்பியிருக்கிறார். பச்சடி ஐந்து நாள் தாமதம், நண்பர் வீட்டார் திரும்பவும் செய்தார்களாம்.

இன்னொரு கேள்வி வந்திருக்கிறது, வேறொருவரிடமிருந்து: "சனிக்கிழமை வில்லிஸ்டன் போகிறேன். அடுத்த புயலாமே? இந்தத் தடவை பனி எத்தனை அங்குலம்?"

அங்குலத்திலேயே நிற்கிறீர்கள் எல்லோரும்.

இந்தத் தடவை நான் பார்ப்பது வேறு. தரையில் உறைநிலைக்குச் சற்றுக் கீழே, மேலே ஓர் அடுக்கு சற்று வெப்பம். பனி அந்த அடுக்கில் உருகி, மழையாக விழுந்து, தொட்ட இடத்தில் உறையும். வரைபடத்தில் அரை அங்குலம் என்று அற்பமாகத் தெரியும். அந்த அரை அங்குலம் கண்ணாடிபோல் மின்கம்பியைச் சுற்றிக்கொண்டபின் 50 மைல் காற்று வந்தால் கம்பம் நிற்காது. வில்லிஸ்டன் இருக்கும் மேற்கு எல்லைப் பக்கம் இந்த ஆபத்து அதிகம் என்பது என் வாசிப்பு. விளக்கத்தில் அவர்களும் அதைத்தான் சுற்றிச் சுற்றி எழுதுகிறார்கள்.

வியாழனன்றே போய்விடுங்கள், அல்லது அடுத்த வாரம் போங்கள். அங்கே இருப்பவர்கள்: கைபேசிகளை மின்னூட்டி வையுங்கள், கிணற்று மோட்டாரை நம்பியிருப்பவர்கள் தண்ணீர் பிடித்து வையுங்கள், ஜெனரேட்டர் இருந்தால் வீட்டுக்கு வெளியே வைத்து இப்போதே ஒரு முறை ஓட்டிப் பாருங்கள்.

ஏப்ரல் 25, திங்கள்

வடமேற்கில் மின்கம்பங்கள் வரிசை வரிசையாகச் சாய்ந்து கிடக்கின்றன. பல ஊர்களில் இன்னும் மின்சாரம் இல்லை. சேற்றிலும் பனியிலும் லாரி இறங்க முடியாததால் சரிசெய்யப் பல நாள் ஆகும் என்கிறார்கள். வில்லிஸ்டன்காரர் வியாழனன்றே போய்விட்டார், அங்கே இருட்டில் உட்கார்ந்திருக்கிறார், தண்ணீர் பிடித்து வைத்ததற்கு நன்றி என்று ஒரு வரி அனுப்பினார். கைபேசியில் 11 சதவீதம் இருக்கிறதாம். பதில் எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஃபார்கோக்காரருக்கு: உங்கள் பக்கம் இனிப் பார்க்க வேண்டியது ரெட் நதியின் அளவு. வரம்போடு பாருங்கள்.